எல்ஃபா, ஆர்க்கா, நீர்வாசியா? டிராகன் உலகத்துல நீங்க யாரு?

"எந்த ஏரியா பாஸ் நீங்க?"

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம்னு பதில் சொன்னதும் எதிர்ல இருக்கிறவர் முகம் மாறுறதைப் பார்த்திருக்கீங்களா? நீங்க அடுத்த வார்த்தை பேசுறதுக்குள்ள, நீங்க எப்படிப்பட்ட ஆள்னு அவர் முடிவு பண்ணியிருப்பார். இதே பஞ்சாயத்து ஒரு விளையாட்டுலயும் பல வருஷமா ஓடுச்சு. அதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'.

1974-ல் அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ரெண்டு பேரும் சேர்ந்து வெளியிட்ட விளையாட்டு இது. பேப்பர், பென்சில், இருபது பக்கம் இருக்கிற டைஸ், நாலஞ்சு நண்பர்கள் போதும். ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க ஆளுக்கொரு கதாபாத்திரமா மாறி அந்தக் கதைக்குள்ள போகணும். முதல்ல முடிவு பண்ண வேண்டியது, 'நான் எந்த இனம்?'

லிஸ்ட் மாறிக்கிட்டே இருக்கு

ஆரம்பத்துல மனிதர், குள்ளர் வகையான ட்வார்ஃப், எல்ஃப், ஹாபிட்னு நாலே நாலுதான். ஹாபிட் டோல்கீனோட சொத்துங்கிறதால உரிமைப் பிரச்னை வந்து, 'ஹாஃப்லிங்' ஆச்சு. 1978 புத்தகத்துல இருந்த ஹாஃப்-ஆர்க், 1989-ல் காணாமப்போய், 2000-ல் திரும்பி வந்துச்சு. 2008-ல் நோமை முதல் புத்தகத்துல இருந்து தூக்கினாங்க. ரசிகர்கள் கொந்தளிச்சாங்க. அடுத்த வருஷமே ரெண்டாவது புத்தகத்துல நோம் ஆஜர்!

2024 புத்தகத்துல யார் யார்?

மொத்தம் பத்து இனம்.

* மனிதர்: கூடுதலா ஒரு திறமை உண்டு. புதுசா ஆடுறவங்களுக்கு பெஸ்ட்.
* எல்ஃப்: தூக்கமே வேண்டாம். நாலு மணி நேர தியானம் போதும்.
* ட்வார்ஃப்: விஷத்தைத் தாங்குற உடம்பு.
* ஹாஃப்லிங்: அதிர்ஷ்டக்காரர். டைஸ்ல 1 விழுந்தா திரும்ப உருட்டலாம்.
* நோம்: உருவம் சின்னது. மனசைக் குழப்புற மந்திரம் இவங்ககிட்ட சுலபத்துல பலிக்காது.
* டிராகன்பார்ன்: வாயைத் திறந்தா நெருப்போ பனியோ அமிலமோ வரும்.
* டீஃப்லிங்: கொம்பும் நரகத் தொடர்பும் உண்டு. அதுக்காகக் கெட்டவர்னு அர்த்தமில்லை.
* ஆர்க்: உயிர் போற அடி விழுந்தாலும் ஒருமுறை தாக்குப்பிடிச்சு நிப்பார்.
* கோலியத்: ராட்சதர் வம்சம்.
* ஆசிமார்: தேவலோக ஒளி உள்ளவர். தொட்டுக் குணமாக்குவார்.

2014 புத்தகத்துல இருந்த ஹாஃப்-எல்ஃப், ஹாஃப்-ஆர்க் ரெண்டும் இதுல இல்லை. 'பாதி'ங்கிற அடைமொழியே தப்பா இருக்குன்னு வடிவமைப்பாளர்கள் தரப்புல விளக்கம் வந்துச்சு. ஆனா, 'ரெண்டு உலகத்துக்கும் நடுவுல பொறந்த எங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே'னு வருத்தப்பட்டவங்களும் உண்டு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. பழைய புத்தகத்து இனங்களை இப்பவும் சேர்த்து ஆடலாம்ங்கிறது ஒரு ஆறுதல்.

பொறப்புலயே மார்க் போட்டா எப்படி?

2016-ல் வந்த ஒரு துணைப் புத்தகத்துல, ஆர்க்கா பொறந்தா அறிவுல 2 புள்ளி குறைச்சாங்க. அந்த விதியை 2020-ல் எடுத்துட்டாங்க. 2022-ல் 'ஸ்பெல்ஜாமர்' புத்தகத்துல வந்த ஹடோசிங்கிற குரங்கு இனத்துக்கு, அடிமைகளா இருந்து மீண்டதா ஒரு பூர்வ கதை எழுதியிருந்தாங்க. கறுப்பின மக்களைக் கொச்சைப்படுத்துதுன்னு எதிர்ப்பு கிளம்ப, நிறுவனம் மன்னிப்பு கேட்டு அந்தப் பகுதியை நீக்குச்சு. அந்த வருஷக் கடைசியிலேயே 'ரேஸ்'ங்கிற வார்த்தையை விட்டுட்டு 'ஸ்பீசிஸ்'னு மாத்தப்போறதா அறிவிச்சாங்க. நாம தமிழ்ல ரெண்டையும் 'இனம்'னுதானே சொல்றோம்? அதனால பேரைவிட விதி மாறினதுதான் நமக்கு முக்கியம். பலம், அறிவு மாதிரியான போனஸ் புள்ளிகள் 2024-ல் இருந்து பிறப்பால வர்றதில்லை. கதாபாத்திரம் முன்னாடி பார்த்த வேலை, வாழ்ந்த வாழ்க்கையை வெச்சு வருது.

சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்! கடலோடியைத் தேர்ந்தெடுத்தா பலம், சுறுசுறுப்பு, விவேகம் மூணுல மட்டும்தான் புள்ளி ஏறும். படிப்பறிவுக்கு ஏறாது. எழுத்தருக்கு ஏறும். காத்தையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு வலை விடுற ஆளுக்கு அறிவு இல்லையா என்ன? எண்ணூர்ல யாரும் இதை ஒத்துக்க மாட்டாங்க. நல்லவேளையா, கதை சொல்றவரே புதுப் பின்னணி உருவாக்க, அதே வருஷம் வந்த கதைசொல்லிக்கான கையேடு வழி சொல்லுது.

உங்க டேபிளுக்கு எந்த இனம்?

* கதை எங்க நடக்குதுன்னு பாருங்க. கொசஸ்தலை ஆறு கடல்ல கலக்கிற கழிமுகம், அலையாத்தி மரம், அனல்மின் நிலையப் புகைபோக்கினு எண்ணூரையே கதைக்களமா வைங்க. அப்போ தண்ணிக்குள்ளயும் மூச்சு விடுற ட்ரைட்டன் வேணும். பத்துல அது இல்லை, 2022-ல் வந்த இன்னொரு புத்தகத்துல இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவு கழிமுகத்துல பரவுச்சே, அந்த மாதிரி ஒருநாள் ட்ரைட்டன் ஊர்ல விடிஞ்சா என்ன ஆகும்? கதை ரெடி!
* அஞ்சு, ஆறு இனம் போதும். பத்தையும் விளக்கினா முதல் நாள் அதுலயே போயிடும்.
* முட்டாளாவோ கெட்டவனாவோ பொறக்கிற இனம் வேண்டாம். வில்லன் வேணுமா? அவனோட செயலால வில்லனாகட்டும்.
* நம்ம ஊர் முனி, நாகர், பூதம் சேர்க்கலாமா? தாராளமா. ஆனா, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர் கும்பிடுற சாமியா இருந்தா கேட்டுட்டுச் செய்ங்க. இந்திய எழுத்தாளர் மிமி மொண்டால், 2022-ல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்புல நம்ம நாட்டு ஆற்றங்கரை வாசனையோட ஒரு சாகசம் எழுதியிருக்கார். நல்ல முன்னுதாரணம்.
* காசு தடையில்லை. ஆசிமாரைத் தவிர ஒன்பது இனங்களோட அடிப்படை விதிகளை 2025-ல் இலவசமாவே வெளியிட்டிருக்காங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில நாலு பேர் உட்காருங்க. கதை சொல்றவர் முதல் கேள்வியை மட்டும் மாத்திக் கேட்கட்டும். 'நீ எங்க பொறந்தே?' வேண்டாம், 'இதுவரைக்கும் நீ என்னெல்லாம் பண்ணியிருக்கே?' போதும்.