போட்டு வாறன்



யாழ்ப்பாணத்து வீடொன்றுக்கு விருந்தினர் ஒருவர் வருகிறார். தேநீர் குடித்து, ஊர்ப்புதினம் பேசி முடிந்ததும் கதிரையை விட்டு எழும்பி, "அப்ப வரட்டே?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர், "ஓம், வாங்கோ" என்கிறார். விருந்தினர் படலையைத் திறந்துகொண்டு போய்விடுகிறார். தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்த ஓர் அந்நியர் பக்கத்தில் நின்று இதைக் கேட்டால் திகைத்துப் போவார். வந்திருப்பவர் 'வரட்டுமா' என்று கேட்பானேன்? 'வாருங்கள்' என்று சொன்ன பிறகு அவர் போவானேன்?

நமக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. 'போய்விட்டு வருகிறேன்' என்பது முழு வடிவம். அது 'போயிட்டு வாறன்' ஆகி, மேலும் தேய்ந்து 'போட்டு வாறன்' ஆயிற்று. இந்தப் 'போட்டு' என்பதற்கும் போடுதலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, வெறும் மரூஉ. பிறகு அந்தப் 'போட்டு'வும் உதிர்ந்து 'வாறன்' மட்டும் எஞ்சிற்று. ஆக, போதலைக் குறிக்கப் பிறந்த தொடரில் போதற்சொல் முற்றாக மறைந்துவிட, வருதற்சொல் ஒன்றே நின்று போதலைக் குறிக்கிறது. மொழியில் இப்படி ஒரு தலைகீழ் நிகழ்ந்தால் அதற்குப் பின்னால் ஓர் அச்சம் இருக்கும் என்று நம்பலாம்.

அந்த அச்சம் எதுவென்று எல்லோருக்கும் தெரியும். 'போனார்' என்றால் இறந்தார். 'மோசம் போனார்' என்றாலும் அதுவே. ஆகவே உயிரோடு இருப்பவன் வாசலில் நின்று 'போறன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் வீட்டிலுள்ள கிழவிகள் விடமாட்டார்கள். "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று திருத்திய பிறகே படி இறங்க விடுவார்கள். புறப்படுகிறவனை 'எங்கே போகிறாய்' என்று கேட்பதும் ஆகாது. அதற்குப் பதிலாக 'துலைக்கே?' என்று தூரத்தைக் கேட்பது நமது வழக்கம். நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்து, அதில் ஒன்றை மங்கலம் என்றார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் அதற்கு வகுப்பறையில் நாங்கள் காட்டும் உதாரணங்கள். மாணவர்கள் அவற்றை மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு, "சேர், போட்டு வாறம்" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். மங்கல வழக்கின் மிக உயிருள்ள உதாரணம் தங்கள் வாயிலேயே இருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. சிங்கள அயலவர் 'கிஹின் என்னம்' என்கிறார். சொல்லுக்குச் சொல் அதே போய் வருதல். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உண்டு. வங்காளத்தார் நம் யாழ்ப்பாணத்தாரைப் போலப் போதலை விட்டுவிட்டு 'ஆஷி', அதாவது 'வருகிறேன்', என்ற ஒரே சொல்லோடு எழுந்துவிடுகிறார்கள்.

ஆனால் மங்கலம் என்று சொல்லி இதனை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் நான்கு வினைகளைப் பற்றி ஒரு நுட்பம் சொல்கிறார். தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களுக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. வருதல் என்பது என்னை நோக்கியோ உன்னை நோக்கியோதான் நிகழும். செல்லுதலோ நாம் இருவரும் இல்லாத ஓரிடத்தை நோக்கியது. இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு 'போட்டு வாறன்' என்பதைக் கேட்டுப் பாருங்கள். 'போட்டு' எவ்விடம் என்று சொல்லவில்லை. அது படர்க்கை, எங்கேயும் இருக்கலாம். 'வாறன்' மட்டும் இடம் சொல்லுகிறது. நீ நிற்கிற இந்த இடம்! நீ நிற்கிறபடியால்தான் இது நான் 'வரும்' இடமாகிறது. ஆகவே இத்தொடர் ஒருவரால் சொல்லி முடிக்கக்கூடியதன்று. நின்று கேட்பவர் ஒருவர் வேண்டும். அவர் 'போட்டு வாங்கோ' என்று சொல்லவும் வேண்டும். 'விடைபெறுதல்' என்ற சொல்லைப் பாருங்கள். விடை என்றால் மறுமொழி. அனுமதி என்றும் பொருள். அதைப் பெறாமற் போவது போதலாகாது.

செத்தவீட்டில் சொல்லாமற் போக வேண்டும் என்பதன் நியாயமும் இதுவே. அங்கே 'வாறன்' என்றால் இன்னொரு செத்தவீட்டுக்கு வருவதாக ஆகிவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் பலர் இதைச் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு நழுவுவார்கள். சொல்ல வேண்டிய இடமெல்லாம் தெரிந்திருப்பதைவிடச் சொல்லக்கூடாத இடம் தெரிந்திருப்பதே ஒருவன் அந்த ஊரவன் என்பதற்கு அடையாளம்.

நம் இலக்கியத்தில் இத்தொடருக்குக் கிடைத்த மறுமொழிகளைத் தேடிப் பார்த்தால், மிகக் கூர்மையானது வள்ளுவரிடம் இருக்கிறது. பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதற் குறள். விரைவில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் புறப்பட நிற்கும் தலைவனுக்குச் சொல்லப்படுவது: போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வருவேன் என்பதை, அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல். பரிமேலழகர் இதனைத் தோழி கூற்றாகக் கொள்வார். யார் சொன்னாலென்ன, 'போட்டு வாங்கோ' என்ற மறுமொழியைத் தர மறுத்த ஒரு பெண்குரல் அது. குறுந்தொகையில் வரும் ஒரு தோழியோ இதற்கு நேர்மாறு. கார்காலத்தில் வருவதாகச் சொல்லிப்போன தலைவனைக் காணவில்லை, கொன்றை பூத்துவிட்டது. பருவம் வந்துவிட்டதே என்று தலைவி கலங்க, இது காரன்று, காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கார் என்று நம்பி இந்த மூடக் கொன்றைகள் பூத்துவிட்டன என்று தோழி சாதிக்கிறாள். பொய்தான். போனவன் சொல்லைக் காப்பாற்ற நிற்பவள் பொய் சொல்கிறாள்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் மாதரி வீட்டில் கண்ணகியை விட்டுப் புறப்படும்போது, சிலம்புகளில் ஒன்றைக் கொண்டு போய் விற்று வருவேன், கலங்காதே என்கிறான். இளங்கோ அவன் வாயில் போதலையும் வருதலையும் ஒருசேர வைத்திருக்கிறார். அதாவது அவன் நாம் சொல்வதைத்தான் சொன்னான். தெருவில் ஏறு ஒன்று எதிர்ப்படுகிறது. அது தீநிமித்தம் என்று அறியாத குலத்தவன் ஆதலால் நடந்துவிடுகிறான். மங்கலமாகச் சொல்லிவிட்டுப் போனவனுக்கும் அப்படி நேர்ந்தது.

யாழ்ப்பாணத்தவர்க்கு இச்சொல் நெடுங்காலம் பொய்க்காமல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறி, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களானார்கள். போட்டு வாறன் என்று சொன்னவர் வருவதற்கு முப்பது வருடம் கூட ஆகலாம். ஆனால் பலர் பென்சனோடு வந்தார்கள், கல்வீடு கட்டினார்கள். 'சிங்கப்பூர்ப் பென்சனியர்' என்ற ஒரு மனித வகையே நமது கிராமங்களில் உண்டாயிற்று. பிறகு கொழும்பு உத்தியோகம். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் போதலும் வருதலும் ஒரு பகற்பொழுதுக்குள் அடங்கிவிட்டன. அந்த நாட்களில் இத்தொடருக்குப் பெரிய கனமொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த விடுமுறைக்கு வருவேன் என்பதே பொருள்.

இதே நாட்டின் மலையகத்திலோ அதே சொல் வேறுவிதமாக ஒலித்தது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் என்று கணக்கிடப்பட்டது. 1974இல் அந்த எச்சத்தையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அரசாங்கப் பத்திரங்களில் இவர்கள் 'தாயகம் திரும்புவோர்' எனப்பட்டார்கள். தொல்காப்பியர் கேட்டால் வினைச்சொல் பிழை என்றிருப்பார். இங்கே பிறந்து, இங்கே கொழுந்து பறித்து, தாயையும் தகப்பனையும் இந்தத் தேயிலைக்கடியில் புதைத்தவனுக்கு இராமேஸ்வரம் 'போகும்' இடம், 'திரும்பும்' இடமன்று. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிகளுக்கு அம்மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் மேடையில் நின்றன. ஜன்னலுக்குள் இருந்தவர்கள் 'போயிட்டு வர்றோம்' என்றே சொன்னார்கள். மொழியில் வேறு தொடர் இல்லை. கையிலிருந்த கடவுச்சீட்டோ போவதற்கு மட்டுமானது. பொருள் முழுவதும் போய்விட்ட பின்னரும் மரியாதைக்காகச் சொல்லப்படும் ஒரு தொடர் எப்படி இருக்கும் என்பதற்கு நமது வரலாற்றில் அந்த மேடைகளைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒக்டோபர் 30 என்ற திகதி இன்னும் இரண்டு தடவை வருகிறது. 1990ஆம் ஆண்டு அந்த மாதத்தின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை 30ஆம் திகதி ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலோர் புத்தளம் சென்று சேர்ந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் பள்ளிக்கூடக் காற்சட்டைத் துணி சோனகதெருத் தையற்காரர் ஒருவரிடம் கொடுத்தபடி இருந்தது. அளவெடுத்து முடிந்ததும் அவர் எப்போதும், "போட்டு வாங்கோ, வெள்ளிக்கிழமை தாறன்" என்பார். அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை.

போனவர்களும் 'போயிட்டு வாறம்' என்றுதான் அயலவரிடம் சொன்னார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். சிலர் அழுதுகொண்டு வாசலுக்கு வந்தார்கள். பலர் பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விடை கொடுக்க நிற்பவர் இல்லாத இடத்தில் இத்தொடர் என்னவாகிறது? வருதல் கேட்பவரை நோக்கியது என்பது இலக்கணம். கேட்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வருவதற்கு இடமில்லாமற் போய்விடும். ஒப்பந்தத்தாலும் துப்பாக்கியாலும் போகச் சொல்லலாம். 'வாங்கோ' என்பதை மட்டும் அயலவன்தான் சொல்ல வேண்டும். வடபுலத் தமிழர் தங்கள் இடப்பெயர்வுகளைப் பற்றி எழுதியவற்றுக்கு அளவில்லை. இந்த ஒன்றைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறார்கள். அது இலக்கியக் குறைபாடு மட்டுமன்று.

ஐந்து வருடங்கள் கழித்து, 1995இல், அதே 30ஆம் திகதி மாலை, ஒலிபெருக்கி எங்களுக்கும் அறிவித்தது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது, மழை வேறு. இப்போது ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. எல்லோரும் போகும்போது யார் யாரிடம் விடைபெறுவது? எங்கள் அம்மம்மா கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்து, "போட்டு வாறம்" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் நடந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஆறு மாதம் இருந்து, 1996 சித்திரையில் எங்களைப் போன்ற பலர் திரும்பினோம். திறப்பு பத்திரமாக இருந்தது, கதவுதான் இல்லை.

நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வருபவர்களின் பேச்சில் ஒரு புதிய தொடரைக் கேட்கிறேன். ரொறன்ரோவில் அயலவரிடம் "ஊருக்குப் போயிட்டு வாறம்" என்று சொல்லி வருகிறார்கள்; இங்கிருந்து புறப்படும்போது, "வந்திட்டுப் போறம்" என்கிறார்கள். இரண்டு வினைகளும் இடம் மாறிவிட்டன. வீட்டிலிருக்கும் முதியவர்களுக்கு அது காதில் உறைக்கிறது. ஆனாலும் திருத்துவதில்லை, திருத்தினால் பேரப்பிள்ளைகளுக்கு விளங்காது.

2009க்குப் பின்னர் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினர் கூரையற்ற தங்கள் வீடுகளைத் தேடி வந்தார்கள். ஐந்துசந்திப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு முதியவர் மாதம் ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்கப் பஸ் ஏறுகிறார். ஏறும்போது, "புத்தளம் போயிட்டு வாறன்" என்பார். அங்கே பிறந்து வளர்ந்த அவருடைய மகன் தகப்பனைப் பார்க்கப் புறப்படும்போது தன் மனைவி மக்களிடம், "யாழ்ப்பாணம் போயிட்டு வாறன்" என்கிறாராம். கடைத்தெருவில் நான் கண்டால் கிழவருக்கு, "போட்டு வாங்கோ" என்பேன். "ஓம் தம்பி, வாறன்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறுவார்.