கூண்டுக்குள் சிவப்பு, பச்சை

சிக்னலில் நிற்கிறீர்கள். எதிரே ஒரு டிராஃபிக் போலீஸ்காரர். தலைக்கு மேல் வெயில், மூக்குக்குள் புகை, காதுக்குள் ஹாரன். இத்தனையும் போதாதென்று, ‘என்ன சார், எங்க பக்கம் விடவே மாட்டீங்களா?’ என்று ஓர் அர்ச்சனை வேறு. பதிலுக்கு அவர் எரிந்து விழுந்தால் மட்டும் நமக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது.

ஒரு விஷயம் தெரியுமா? அவர் தலைக்கு மேலே மாறி மாறி எரிகிறதே அந்த விளக்கு, அது வண்டிக்காரர்களுக்காக மட்டும் பிறந்ததல்ல. போலீஸ்காரர் படும் பாட்டைப் பார்த்து இன்னொரு போலீஸ்காரர் யோசித்ததும்கூட.

ஆரம்பம் என்னவோ லண்டன்தான். 1868 டிசம்பரில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே உலகின் முதல் டிராஃபிக் சிக்னலை நட்டார்கள். வடிவமைத்த ஜே.பி. நைட் ரயில்வேக்காரர். ஆகவே அச்சு அசலாக ரயில்வே கைகாட்டி! கை நீண்டால் நில். தாழ்ந்தால் பார்த்துப் போ. இரவில் சிவப்பு, பச்சையில் கேஸ் விளக்கு. கீழே நின்று அதை இயக்கியவர் ஒரு போலீஸ்காரர்.

ஒரே மாதம். 1869 ஜனவரியில் கேஸ் கசிந்து, வெடித்தது. போலீஸ்காரருக்குத் தீக்காயம். வண்டிகளை ஒழுங்குபடுத்த வந்த கருவி முதலில் பதம் பார்த்தது அவரைத்தான்.

அப்புறம் அமெரிக்கா. 1912. சால்ட் லேக் சிட்டியில் போக்குவரத்துப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார் லெஸ்டர் வயர். மழையிலும் பனியிலும் நடுரோட்டில் நின்று கையாட்டும் தம் ஆட்களைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. ஒரு மரப்பெட்டி செய்தார். சிவப்பு, பச்சைச் சாயத்தில் முக்கிய பல்புகள். டிராம் கம்பியிலிருந்து மின்சாரம். ஓரமாக நின்று ஸ்விட்சைத் தட்டினால் போதும். பார்ப்பதற்குப் பறவைக் கூண்டு மாதிரி இருந்ததா, ஊரே சிரித்தது.

1914 ஆகஸ்டில் கிளீவ்லாண்டிலும் மின்சார சிக்னல் வந்தது. அங்கே போலீஸ்காரருக்கு உட்கார ஒரு சாவடியே கிடைத்தது. 1920-ல் டெட்ராய்ட் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் நடுவில் மஞ்சளைச் சேர்த்து, நாலு பக்கமும் தெரிகிற மாதிரி செய்தார். இன்று நாம் பார்க்கும் சிக்னல் தயார்.

சரி, போலீஸ்காரருக்கு விடுதலை கிடைத்ததா? இல்லை. வண்டிகள் பெருகின. சிவப்பை மதிக்காதவர்களும் பெருகினார்கள். விளக்கைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் நிற்கவேண்டியதாயிற்று! 2023-ல் அகமதாபாத்தில் டிராஃபிக் போலீஸாருக்கு ஏ.சி. ஹெல்மெட் கொடுத்துப் பரிசோதித்தார்கள். நல்ல விஷயம். தலை குளிரும். மனசு?

நான் காமர்ஸ் படித்தவன். கணக்கில் வரவு என்று ஒரு பக்கம் உண்டு. டிராஃபிக் போலீஸ்காரரின் கணக்கில் அதுதான் காலி. நடந்த விபத்துக்கு ரிக்கார்டு உண்டு. அவர் கை நீட்டியதால் நடக்காமல் போன விபத்தை எந்த நோட்டில் எழுதுவது?

நாளைக்கு சிக்னலில் நிற்கும்போது ஹாரனிலிருந்து கையை எடுங்கள். அவர் கணக்கில் அதுவே ஒரு வரவு.