பலியிட்டவர்கள் திரும்பி வந்தபோது

எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் சீட்டில், வலப்புருவத்தில் தழும்புள்ள 72 வயது கிழவர் ஒருவர், தெய்வங்களுக்குப் பலியிட்டு அந்தப் பலியுணவையும் உண்டதாக அதிகாரிகளிடம் சான்று கேட்கிறார். ஆண்டு கி.பி. 250. எல்லோரும் பலியிட வேண்டும் என்பது ரோமப் பேரரசர் டேசியஸின் ஆணை. கிழவர் கிறிஸ்தவரா, தெரியாது. கோயில் பூசாரிணி ஒருத்திகூட இப்படிச் சீட்டு வாங்கியிருக்கிறாள். ஆனால் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கிறிஸ்தவர்களே திரளாகப் போய்ப் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல் காசு கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கெடுபிடி தளர்வதற்குள்ளேயே பலர் திருச்சபையின் வாசலுக்குத் திரும்பிவிட்டார்கள். மன்னிப்பு அங்கே தொடக்கம் முதலே தாராளமாகக் கிடைத்தது என்பது பிற்கால நினைப்பு. விக்கிரக வழிபாடு, கொலை, விபசாரம் ஆகியவற்றைத் திருச்சபை மன்னிக்க முடியாது என்று அதே ஊர்க்காரரான தெர்த்துல்லியன் முன்பே வாதாடியிருந்தார். திரும்பி வரும் வழியைத் திறக்கவைத்தவர்கள், என் கணிப்பில், உறுதியாய் நின்ற வீரர்களைவிட இடறி விழுந்த இந்தச் சாதாரணர்களே.

வழி எளிதில் திறக்கவில்லை. பலியிட மறுத்துச் சிறையிலிருந்த விசுவாசிகள், விழுந்தவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்களை அள்ளிக் கொடுத்தார்கள். இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்க என்று மொட்டையாக எழுதியவையும் உண்டு. அந்தச் சேர்ந்தவர்கள் இருபது பேரா, முப்பது பேரா என்று கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் எரிச்சலோடு கேட்டார். 251-இல் கூடிய ஆயர்கள், சீட்டு மட்டும் வாங்கியவரை விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவருக்கோ தவமிருந்தால் சாகும் தறுவாயில் சமாதானம் உண்டு என்று தீர்த்தார்கள். இவ்வளவும் பாவத்துக்குச் சலுகை என்றார் ரோமின் குரு நொவாசியன்: கடவுள் மன்னிக்கலாம், திருச்சபைக்கு அந்த உரிமை இல்லை. உயிரைக் கொடுத்தவர்களை நினைத்தால் அவர் வாதம் அற்பமானதல்ல. ஆனால் சேர்த்துக்கொள்ளும் நம்பிக்கையே இல்லையென்றால் யார் தவமிருப்பான் என்ற சிப்ரியானின் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

விழுந்தவர்களைச் சேர்த்துக்கொண்டது ஆட்களையும் அதிகாரத்தையும் தக்கவைக்க ஆயர்கள் செய்த தந்திரம் என்பாரும் உண்டு. ஓரளவு உண்மைதான், சிறைக் கடிதங்கள் ஆயரின் அதிகாரத்துக்குச் சவாலாகவே இருந்தன. ஆயினும் ஓரிரு ஆண்டுகளில் அடுத்த துன்புறுத்தல் நெருங்கியபோது, தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் ஆயர்கள் சேர்த்தார்கள். விசுவாசத்துக்காக உயிரைக் கேட்கும் சோதனைக்கு அவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதே காரணம். வெறும் தலைக்கணக்குப் பார்ப்பவர்கள் அப்படி யோசிப்பதில்லை. 250-இல் ஊரைவிட்டு ஒளிந்திருந்த சிப்ரியான், 258 செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜில் தலை வெட்டப்பட்டு இறந்தார்.