கள்ளும் ரொட்டியும்



அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் வரலாறு எனப் படிக்கிறோம். அடுப்பங்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. அயல்நாட்டிற் குடியேறியவன் தன் ஊர் உணவைச் சமைக்க முற்படுகிறான்; இன்றியமையாத பொருளொன்று அங்கே கிடைப்பதில்லை. அப்போது அவன் என் செய்வான்? இவ்வினாவிற்கு நம் நாட்டு வரலாறு சுவையானதொரு விடை தருகின்றது.

ஐரோப்பியரின் நாள் உணவு ரொட்டி. 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரும், 1639இல் சென்னையில் இடம்பெற்ற ஆங்கிலேயரும் அப்பழக்கத்தைக் கைவிடவில்லை. கோதுமை இந்நாட்டிலேயே உண்டு. மாவை உப்பச் செய்யும் ஈஸ்டுக்குத்தான் முட்டுப்பாடு. இங்கிலாந்தில் பீர் வடிக்கும்போது மேலே திரளும் நுரையை ரொட்டி மாவில் கலப்பர். இங்கே அந்நாளில் பீர் வடிப்போர் இல்லை. கப்பலில் கொணரலாமெனின், பயணமோ பல திங்கள்; வெப்பத்தில் அந்நுரை கெட்டொழியும்.

இக்குறையைத் தீர்த்தது கள். நான் வாழும் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலேறி வடக்கே சென்றால், ஆலைகளின் புகைபோக்கிகளைக் கடந்தபின் பனைமரங்கள் தென்படும். பனையின் பாளையைச் சீவினால் இனிய சாறு சொட்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிடில், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அச்சாற்றின் சர்க்கரையை உண்டு, சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். அப்போது எழும் கரியமில வாயுவே நுரைக்குக் காரணம். அந்நுண்ணுயிர்களுள் ஈஸ்டும் ஒன்று. கோதுமை மாவிற் கள்ளை வார்த்துப் பிசைந்தால், வாயு மாவின் பசையில் சிக்கி அதை உப்பச் செய்கிறது. நொதித்தல் உயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் நிறுவியது 1857ஐ அடுத்த ஆண்டுகளில். அதற்கு நெடுங்காலம் முன்பே நம் சமையற்காரர்கள் அதன் பயனைக் கையாண்டனர். கள் விரைவிற் புளித்துக் காடியாகும். ஆதலின், மரமேறியின் கலயத்தை எதிர்பார்த்தே ரொட்டிக்காரரின் வேலை நடந்தது.

இத்தகைய மாற்று வேறு பல இடங்களிலும் தோன்றிற்று. இலங்கையில் 'லவ் கேக்' எனப்படும் பண்டத்தில் பாதாமுக்கு ஈடாக முந்திரிப் பருப்பு புகுந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில், 1883ஆம் ஆண்டு மர்டாக் பிரவுன் என்னும் தோட்ட முதலாளி, மாம்பள்ளி பாப்பு என்ற ரொட்டிக்காரரிடம் கிறிஸ்துமஸ் கேக் செய்யச் சொன்னார். மாஹியில் கிடைத்த பிரெஞ்சு பிராந்திக்கு மாற்றாக, முந்திரிப் பழமும் வாழைப்பழமும் கொண்டு வடித்த நாட்டு மதுவைப் பாப்பு சேர்த்தாரென்று சொல்லப்படுகிறது. பிரவுன் உண்டு மகிழ்ந்து மேலும் பன்னிரண்டு கேக்குகள் கேட்டாராம்.

பாப்புவின் பெயர் நிலைத்தது. கோட்டைகளிலும் பங்களாக்களிலும் கள்ளூற்றி மாவு பிசைந்த எண்ணற்றோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அயலாரின் ரொட்டியை இம்மண்ணில் உப்பச் செய்த கைகள் அவர்களுடையவை. அவர்களுக்குக் கள் இறக்கித் தந்த கைகள் மரமேறிகளுடையவை.

1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. கள் இறக்குவது குற்றமாயிற்று. கள் வார்த்து ஆப்பம் சுட்ட நம் வீடுகளே மாற்றுத் தேட நேர்ந்தது. சமையல் சோடாவிற்கு 'ஆப்பச் சோடா' என்னும் பெயர் நம்மிடையே வழங்குவதை எண்ணிப் பாருங்கள். இன்று இலண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் தமிழர் ஆப்ப மாவிற் கடை ஈஸ்டைக் கலக்கின்றனர். ஈஸ்டுக்கு ஈடாகக் கள் நின்றது அன்று. கள்ளுக்கு ஈடாக ஈஸ்ட் நிற்கிறது இன்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஒரு பொருள் கிடையாதபோது அதன் பெயரையே தேடி அலைந்தவன் பட்டினி கிடந்தான். அப்பொருள் செய்யும் தொழில் யாதென ஆராய்ந்தவன், தன் வாசலில் நின்ற மரத்திலேயே விடை கண்டான். மாணவர்களாகிய நீங்கள் பயிலும் அறிவியலுக்கும் இதுவே முதற்பாடம்.