நாற்பது ஆண்டுகள் ஆறான கதை: வ.உ.சி. வழக்கும் மேல்முறையீடும்

வ.உ.சி.யைப் பற்றிப் பேசும் மேடைகளில் 'இரட்டை ஆயுள் தண்டனை' என்னும் தொடர் தவறாமல் ஒலிக்கும். அடுத்த வாக்கியத்தில் செக்கு வந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடையே சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீடு நடந்தது என்பதைப் பேசுவோர் குறைவு. 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படமும் நம் நெஞ்சில் நிறுத்தியது சிறையைத்தான், அப்பீலை அன்று.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் நெல்லை எழுந்தது. ஜூலை 7 அன்று திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இராஜ நிந்தனையாகப் பேசியதற்கு ஓர் ஆயுட்கால நாடுகடத்தல். சுப்பிரமணிய சிவா அவ்வாறு பேசுவதற்கு உடந்தையாயிருந்ததற்கு இன்னொன்று. ஆயுள் ஒன்றுக்கு இருபது என்று வைத்து நாற்பது ஆண்டுகள் எனக் கணக்கிடுவது அதனால்தான். சிவாவுக்குப் பத்தாண்டுகள். இவ்வழக்கில் எதிரிகள் தரப்பில் சாட்சி சொன்னவர்களுள் எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியும் ஒருவர். ஓட்டப்பிடாரமும் எட்டயபுரமும் ஒன்றுக்கொன்று தொலைவில்லை. குற்றக்கூண்டிலும் சாட்சிக்கூண்டிலும் நின்றவர்கள் ஒரே கரிசல் மண்ணின் பிள்ளைகள்.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்தது 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். செஷன்ஸ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் உயர்நீதிமன்றத்தில் முறையிடலாம். அது சலுகையன்று, உரிமை. ஜூரியில்லாத விசாரணையாயின் சட்டப் பிழையை மட்டுமன்றி, சாட்சியம் நம்பத்தக்கதா என்பதையும் மேல்நீதிமன்றம் ஆராயலாம். விடுதலை செய்யலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம், தீர்ப்பை வைத்துக்கொண்டு தண்டனையை மட்டும் குறைக்கலாம். அம்முறையீட்டிலேயே தண்டனையைக் கூட்ட இயலாது. கூட்டுவதற்குச் சீராய்வு என்னும் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட்டும் நீதிபதி மில்லரும் முறையீட்டைக் கேட்டு, 1908 நவம்பர் 4 அன்று தீர்ப்பளித்தனர். ஆயுள் ஆறாண்டாகச் சுருங்கியது; சிவாவின் பத்தும் ஆறாயிற்று. அந்தமானுக்கு அனுப்பப்படாமல் கோயம்புத்தூரிலும் பிறகு கண்ணனூரிலும் வ.உ.சி. சிறையிருந்தார், 1912 டிசம்பரில் வெளிவந்தார்.

இதை நீதியின் வெற்றி என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு உடன்பாடில்லை. மேல்முறையீட்டில் கேள்விகள் இரண்டு: குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பது ஒன்று, தண்டனை அளவானதா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியில்தான் வ.உ.சி.க்குச் சாதகமான விடை கிடைத்தது. முதற்கேள்வியில் பின்ஹேயின் முடிவே நின்றது. ஆகவே சிறையினின்று மீண்ட பின்னும் அவர் தண்டிக்கப்பட்ட குற்றவாளி; வழக்கறிஞர் சன்னது பறிபோயிற்று. ஆண்டுக்கணக்கில் வறுமையில் உழன்ற பிறகே நீதிபதி வாலஸ் உதவியால் அது மீண்டும் கிடைத்தது. அந்நன்றியில் தம் மகனுக்கு 'வாலேசுவரன்' என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆறாண்டுத் தண்டனையைவிட நீண்டது இந்தத் தண்டனை. இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது: இலண்டனில் இந்திய மந்திரியாயிருந்த மார்லியே இத்தண்டனைகளின் கடுமை குறித்து வைசிராய் மிண்டோவிடம் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆயினும் அந்த உரிமையேனும் இருந்தது. அதே ஜூலையில், 22 அன்று, பம்பாயில் திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. அவரை விசாரித்தது உயர்நீதிமன்றமே, ஜூரியோடு. அங்ஙனம் விசாரிக்கப்பட்டவர்க்குச் சாதாரண அப்பீல் கிடையாது. பிரிவி கவுன்சிலுக்குப் போக அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. மாண்டலேக்குப் போனார். கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்க்கு ஒரு படி மிச்சம். மேலிடத்தில் பெற்றவர்க்கு அதுவும் இல்லை. விந்தையான ஏற்பாடு!

இதே நிலை மூன்றாண்டுகளில் நம் பக்கத்தாருக்கும் நேர்ந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்த சதிவழக்கை, ஜூரியின்றி உயர்நீதிமன்ற நீதிபதிகள் மூவரே சென்னையில் விசாரித்தனர். மூவருள் சங்கரன் நாயர் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். பாரதியின் சுதந்திர தாகப் பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்து அத்தீர்ப்பில் சேர்த்தவர் அவரே. 1908இல் சாட்சியாக நீதிமன்றம் ஏறிய பாரதி, இம்முறை புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். பாட்டு மட்டும் நீதிமன்றம் ஏறியது.

சாதாரண அப்பீல் இல்லாத இவ்வழக்கில் ஒரு பக்கவாசல் திறந்தது. சட்டக் கேள்வியில் பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்று அட்வகேட் ஜெனரல் சான்றளித்தால், அதே உயர்நீதிமன்றம் பெரிய அமர்வாகக் கூடி மறுபடி பார்க்கலாம். அவ்வாறே முத்துக்குமாரசாமிப் பிள்ளை முதலானோருக்காக ஐந்து நீதிபதிகள் அமர்ந்தனர். கேள்வி நுட்பமானது. குற்றத்தில் பங்குகொண்டு பின் அரசுத் தரப்புக்கு மாறிய அப்ரூவரின் சொல்லுக்கு வேறு ஆதாரம் வேண்டும் என்பது நீதிமன்ற வழக்கம். அவரே முன்னர் போலீசாரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சொன்னதை அந்த ஆதாரமாகக் கொள்ளலாமா? ஒருவர் ஒரு பொய்யை இரண்டு முறை சொன்னால் அது மெய்யாகிவிடுமா என்று நாம் கேட்போம். சாட்சியச் சட்டத்தின் 157ஆம் பிரிவை முன்வைத்து நீதிபதிகள் நெடிது வாதித்தனர். ஐவரும் ஒருமனப்படவில்லை, பெரும்பான்மையால் தண்டனைகள் நிலைத்தன.

இன்று தூத்துக்குடி செஷன்ஸ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படுபவர் சென்னைக்குப் போக வேண்டுவதில்லை. 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. அப்ரூவரின் சொல்லைக் குறித்து வாதம் எழும்போது, இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசை 35ஆம் தொகுதியில் 397ஆம் பக்கத்தைப் புரட்டினால் முத்துக்குமாரசாமிப் பிள்ளையின் பெயர் அங்கே இருக்கும்.