கிண்ணம் நிறைய தீனி இருந்தும் கிளி பட்டினியா? ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வைக்க வேண்டும்?

“கிண்ணம் ஃபுல்லா தினை இருக்கே, அப்புறம் ஏன் இது சோர்ந்து கிடக்கு?” கிளி வளர்க்கும் பல வீடுகளில் கேட்கும் கேள்விதான் இது. கிண்ணத்தை எடுத்து லேசாக வாயால் ஊதிப் பாருங்கள். மேலே இருப்பதெல்லாம் பறந்துவிட்டால், அது தினை இல்லை, வெறும் உமி. கிளிகள் தானியத்தை உரித்துத்தான் சாப்பிடும். தோலை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். பார்ப்பதற்குக் கிண்ணம் நிறைந்தே இருக்கும், பறவை பசியோடு இருக்கும்.

சரி, எவ்வளவுதான் வைப்பது?

நம்ம ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் பட்ஜி, வெறும் 30 முதல் 40 கிராம் எடைதான். அதற்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன் தானியம் போதும். கடைக்காரர்கள் ‘காக்டெய்ல்’ என்று சொல்லும் காக்கட்டீல் 80, 100 கிராம் இருக்கும். அதற்கு ஒன்று முதல் ஒன்றரை டேபிள்ஸ்பூன். 400 கிராமுக்கு மேல் இருக்கும் ஆப்பிரிக்கன் கிரேவுக்கு கால் கப் பெல்லட், அதோடு காய்கறி. குஞ்சு பொரிக்கும் நேரத்திலும் இறகு உதிர்ந்து முளைக்கும் நேரத்திலும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

இது ஒரு தோராயக் கணக்குதான். உங்கள் பறவைக்குச் சரியான அளவு எது என்று தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது. காலையில் அளந்து போடுங்கள், மாலையில் உமியை ஊதிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். தினமும் நிறைய மிஞ்சினால் குறைக்கலாம். ஒரு மணிகூட மிஞ்சவில்லை என்றால் கூட்டலாம்.

“நிறைய போட்டுட்டா வேணுங்கிறத சாப்பிட்டுக்கும்ல?” இங்கேதான் சிக்கல். கலவைத் தீனி வைத்தால் கிளி முதலில் பொறுக்குவது சூரியகாந்தி விதையைத்தான். அதில் கொழுப்பு அதிகம். அது தீர்ந்ததும் நாம் மறுபடி கிண்ணத்தை நிரப்புகிறோம், அது மறுபடி சூரியகாந்தியை மட்டும் பொறுக்குகிறது. கூண்டுக்குள் பறக்க இடமும் இல்லை. கடைசியில் உடல் பருத்து, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். விதையை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் பற்றாக்குறை ஆகும்.

அதனால் கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை, கொத்தமல்லி எல்லாம் பொடியாக நறுக்கி தினமும் கொஞ்சம் வையுங்கள். நம்ம வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கால்சியத்துக்குக் கடல் நுரை எனப்படும் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டினால், அதுவே கொறித்துக்கொள்ளும். பச்சை மிளகாய்கூடத் தரலாம். காரத்தை நமக்கு உணர்த்தும் பொருள் பறவைகளுக்கு எரிவதில்லை, கிளி மிளகாயை ரசித்துத் தின்னும் ரகசியம் அதுதான்!

அவகேடோ, சாக்லேட், டீ, காபி, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை இவை கூடவே கூடாது. மிக்ஸரும் முறுக்கும் ‘ஆசையா கேக்குதே’ என்று கொடுப்பார்கள். 35 கிராம் உடம்புக்கு அந்த உப்பும் எண்ணெயும் மிக அதிகம்.

விதையிலிருந்து பெல்லட்டுக்கு மாற்றுபவர்கள் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பல கிளிகளுக்கு பெல்லட் என்பது சாப்பிடும் பொருள் என்றே தெரியாது. பட்டினி கிடக்கும். சின்னப் பறவைக்கு ஒரு நாள் முழுப் பட்டினியே உயிருக்கு ஆபத்து. பழைய தீனியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சில வாரங்கள் எடுத்து மாற்றுங்கள்.

எடை மெஷின் எதற்கு?

கிளிகள் நோயை மறைக்கும். இறகுக்குள் உடல் இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசில், வாரம் இருமுறையாவது காலையில் தீனி வைக்கும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். 35 கிராம் பட்ஜி 31 கிராமுக்கு வந்தால், அது 10 சதவீதத்துக்கும் மேலான இழப்பு. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

பச்சைக்கிளி வைத்திருக்கிறீர்களா?

இந்த அளவெல்லாம் வெளிநாட்டு இனங்களுக்குத்தான். நம் ஊர் மரங்களில் வாழும் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறை, அபராதம் வரை போகலாம். ‘ஜோசியக் கிளி பார்த்ததில்லையா’ என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். ஆப்பிரிக்கன் கிரே போன்ற இனங்களை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், பட்ஜிக்கும் காக்கட்டீலுக்கும் அந்தப் பதிவு தேவையில்லை. வீட்டில் பச்சைக்கிளி இருந்தால் நீங்களே திறந்துவிட்டுவிடாதீர்கள். நாள்கணக்கில் கூண்டிலேயே இருந்த கிளிக்கு வெளியே இரை தேடத் தெரியாது. பக்கத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.