ஜான் லாங்: ஜான்சி ராணிக்காக மனு எழுதிய வழக்கறிஞர், 'மொபசலைட்' இதழின் நிறுவனர்

கிழக்கிந்தியக் கம்பெனி 1854ஆம் ஆண்டு ஜான்சியைத் தன் ஆட்சிப் பகுதியுடன் இணைத்துக்கொண்டபோது, ராணி லட்சுமிபாய் சட்ட உதவிக்கு நாடியவர் ஜான் லாங். பிரிட்டிஷ் குடிமகனான இவர், கம்பெனியை நீதிமன்றத்திலும் தமது செய்தித்தாளிலும் எதிர்த்து நின்றவர்.

பிறப்பும் கல்வியும்

பிரிட்டனின் குடியேற்ற நாடாக இருந்த ஆஸ்திரேலியாவில், சிட்னியை அடுத்த பாரமட்டாவில் 1816 டிசம்பர் 19 அன்று லாங் பிறந்தார். இவருடைய தாய்வழிப் பாட்டனார், குற்றவாளியாகக் கப்பலேற்றி அங்கு அனுப்பப்பட்டவர். இங்கிலாந்தில் சட்டம் பயின்று 1841இல் பாரிஸ்டரான லாங், சிட்னி திரும்பிய மறு ஆண்டே குடும்பத்துடன் கொல்கத்தாவுக்கு வந்தார்.

'மொபசலைட்' இதழ்

லாங் 1845இல் 'மொபசலைட்' என்ற ஆங்கிலச் செய்தித்தாளைத் தொடங்கினார். தலைநகருக்கு வெளியேயுள்ள பகுதியை 'மொபசல்' என்பர். வெளியூர்ப் பேருந்துகளைத் தமிழகத்தில் 'மொபசல் பஸ்' என்று அழைப்பதும் இச்சொல்லின் வழியே. பெயருக்கேற்ப இதழ் பின்னர் அம்பாலா, மீரட் ஆகிய வட இந்திய நகரங்களிலிருந்து வெளிவந்தது. கம்பெனி அதிகாரிகளை அது தயங்காமல் விமர்சித்தது.

ஜோதி பிரசாத் வழக்கு

ஆப்கன், சீக்கியப் போர்களின்போது கம்பெனிப் படைகளுக்கு உணவும் தீவனமும் வழங்கியவர் ஒப்பந்ததாரர் லாலா ஜோதி பிரசாத். தமக்கு வரவேண்டிய பெருந்தொகையை அவர் கேட்டார். கம்பெனியோ அவர்மீதே மோசடிக் குற்றம் சாட்டியது. ஆக்ராவில் நடைபெற்ற விசாரணையில் அவருக்காக லாங் வாதாடினார். 1851இல் ஜோதி பிரசாத் விடுதலை செய்யப்பட்டார். கம்பெனியை எதிர்த்தும் வெல்ல முடியும் என்பதை இவ்வழக்கு காட்டியதால், லாங்கின் பெயர் இந்தியரிடையே பரவியது.

ராணியின் அழைப்பு

ஜான்சி மன்னர் கங்காதர் ராவ் 1853 நவம்பர் 21 அன்று காலமானார். அதற்கு முந்தைய நாள் அவர் ஒரு சிறுவனைத் தத்தெடுத்திருந்தார். அந்தத் தத்துரிமையை ஆளுநர் தலைமைப் பதவியில் இருந்த டல்ஹவுசி ஏற்கவில்லை. வாரிசில்லை என்று கூறி நாட்டை இணைத்துக்கொண்டார்.

ராணி பாரசீக மொழியில் மடல் அனுப்பி லாங்கை வரவழைத்தார். சந்திப்பு திரைக்கு இருபுறமுமாக நடைபெற்றது. தத்துப்பிள்ளை திரையை விலக்கியதால் ராணியைக் கணநேரம் காண முடிந்தது என்று லாங் பின்னர் எழுதினார். ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஓய்வூதியத்தை எதிர்ப்பைப் பதிவுசெய்தவாறே பெற்றுக்கொண்டு, லண்டனுக்கு மேல்முறையீடு செய்யுமாறு அவர் ஆலோசனை கூறினார். ஜான்சியை விட்டுத்தர மாட்டேன் என்ற ராணியின் புகழ்பெற்ற மறுமொழியைக் காதால் கேட்டு எழுத்தில் பதித்தவர் லாங்.

ஜோதி பிரசாத்துக்குக் கிடைத்த வாய்ப்பு ராணிக்குக் கிடைக்கவில்லை. அவருடைய கோரிக்கை நீதிமன்றத்தின் முன் செல்லவில்லை. நாட்டைப் பறித்தவர்களிடமே முறையிட வேண்டியிருந்தது. மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. சட்டத்தின் கதவு மூடப்பட்ட ராணி, பின்னர் வாளேந்தி 1858 ஜூனில் குவாலியரில் போரிட்டு உயிர்நீத்தார்.

நூல்களும் மறைவும்

நாவலாசிரியராகவும் விளங்கிய லாங், ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்த முதல் நாவலாசிரியராகக் கருதப்படுகிறார். ஜான்சி சந்திப்பு இடம்பெற்ற அவருடைய இந்தியப் பயண நூல் 1859இல் வெளியானது. 1864 ஆகஸ்ட் 20 அன்று முசோரியில் 47ஆவது வயதில் காலமானார்.

மறக்கப்பட்டிருந்த அவருடைய கல்லறையை, சரியாக நூறாண்டுக்குப் பின் 1964இல் எழுத்தாளர் ரஸ்கின் பாண்ட் முசோரியில் கண்டறிந்தார். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியா சென்ற பிரதமர் நரேந்திர மோடி, ராணிக்காக லாங் எழுதிய மனு தொடர்பான ஆவணங்களின் நகலை அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட்டுக்குப் பரிசளித்தார்.